கேட்காத ஆண்டுகள்

"அருமையான வரலாறு, மேடம்" என்றான் கெரத்.
தொலைபேசிக்குள் வேல்ஸ் மழையின் ஈரம்.
"பதினான்கு ஆண்டு, ஒரு கோரிக்கைகூட இல்லை.
ஆனால் அது காருக்கு உரியது.
ஒரு நேரத்தில் ஒரு வண்டியில்தான் அது இருக்கும்."

குணசீலன் ஒலிபெருக்கியை அமுக்கிப்
போனை மேசை நடுவில் வைத்திருந்தார்.
நோயாளியைச் சுற்றி நிற்பதுபோல் நின்றோம்.

மூன்று வண்டி எங்களுக்கு:
என்னை இரவுப் பணிக்குக் கொண்டுபோகும் டொயோட்டா,
அவர் குளிர்பெட்டி திருத்தப் போகும் வெள்ளை வேன்,
பிறகு இது,
முந்தைய வீட்டுக்காரரின் நாய் மணம் இன்னும் போகாத
மோட்டார்ஹோம்.
கெட்டரிங்கில் எங்கள் ஒழுங்கையை அடைத்துக்கொண்டு
அடுத்த வீட்டு வெயிலையும் சேர்த்து மறைக்கிறது.

"இதுக்கு எத்தனை ஆண்டு?"
"பூஜ்யம்."
"வேன்ர ஆறு வருசத்தை இதுக்கு மாத்தேலாதோ?"
"மாற்றலாம். வேன் பூஜ்யமாகிவிடும்."

கூடு விட்டுக் கூடு பாயும் வித்தையைக்
காப்புறுதிக்காரர் எங்கே கற்றார்களோ.
பாய்ந்தால் பழைய உடல் பிணம்.

பிறகு நான் கேட்டேன்:
அந்தப் பதினான்கும் யாருடையது?
"பாலிசி உங்கள் கணவர் பெயரில், மேடம்.
நீங்கள் பெயர் சேர்க்கப்பட்ட ஓட்டுநர்."

பெயர் சேர்க்கப்பட்ட ஓட்டுநர்.
கண்ணுக்குத் தெரியாத பனி உறைந்த ஏ-14இல்
அதிகாலை ஐந்தரைக்கு
லாரிகளுக்கு நடுவே நான் காத்துக் கொண்டுவந்த மைல்கள்
வீட்டில் இழுத்துப் போர்த்திப் படுத்தவர் கணக்கில்
வரவு.

சோறு பார்க்க எழுந்துபோனார் குணசீலன்.
அது வெந்து ஐந்து நிமிடமாகியிருந்தது.

கெரத் பாவம், நல்ல பையன்.
இன்னொரு வழியும் சொன்னான்:
கணவர் பெயரிலேயே எடுத்தால்
காரின் ஆண்டுகளைக் கண்ணாடியில் காட்டுவதுபோல்
இதற்கும் காட்டலாமாம்.
வேண்டாம் என்றேன்.
நிழலுக்குத் தவணை கட்டும் வயது போயிற்று.
என் பெயரில் போடு, தம்பி. பூஜ்யத்திலிருந்து.
தொகையைச் சொன்னான்.
சொல்லிவிட்டுத் தானே ஒருதரம் இருமினான்.

ஜூனில் ஹன்ஸ்டன்டன்.
கடற்கரைக் கார் நிறுத்தத்தின் வாயிலில்
மஞ்சளும் கறுப்புமாய்க் குறுக்குக் கம்பி.
இரண்டு மீட்டர் எண்பது.
புத்தகத்தில் எங்கள் உயரம் இரண்டு எழுபத்தைந்து.
புத்தகம் கூரை ஜன்னலைக் கணக்கெடுக்கவில்லை.
அவர் இறங்கி நின்று இரு கையும் வீசினார்:
"வா, வா, இடமிருக்கு, வா."

பிளாஸ்டிக் முறிகிற சத்தம், அவ்வளவுதான்.
கடற்காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

புது ஜன்னல் இருநூற்றெண்பது பவுண்.
கோரினால் நாங்கள் முதலில் கட்டவேண்டிய பங்கு
முந்நூற்றைம்பது.
கோரவில்லை.
படுக்கைமேல் சதுர வானத்தின் விரிசலுக்கு
ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டே குணசீலன் சொன்னார்:
"அப்ப இது நடக்கேல்ல."

மழை நாடாவில் தட்டியது.
டொயோட்டாவின் பின்பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு.
கேட்டபோது, "அது முதலே இருந்தது" என்றார்.
முதலே என்றால் எப்போது என்று
நான் கேட்கவில்லை.
விபத்தில்லா ஆண்டுகள் என்று யார் சொன்னது?
கேட்காத ஆண்டுகள் அவை.
எங்கள் வீட்டில் மூன்று வண்டிக்கும் காணும்,
மிச்சமும் கிடக்கும்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. இலக்கம்: ஒன்று.
என் முழுப்பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு.
காந்தம் வைத்துக் குளிர்பெட்டியில் ஒட்டினேன்.

கூடவே படிவம். நான்காம் கேள்வி:
கடந்த ஐந்து ஆண்டில்
இழப்பீடு கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும்
ஏதாவது நடந்ததா?

"இல்லையெண்டு போடு" என்றது
என் தோளுக்குப் பின்னால் தேநீர் ஊதும் குரல்.

எண்பது எழுத்துக்குத்தான் பெட்டியில் இடம்.
ஆம் என்று குறியிட்டு
ஊரை எழுதினேன், நாளை எழுதினேன்,
கம்பியை எழுதினேன், ஜன்னலை எழுதினேன்.
அவர் கையசைத்ததற்கு
இடம் போதவில்லை.