ஐந்தாவது நட்டு

வில்லுக்குறி வளைவில் வண்டி சாய்ந்தபோது
பின்னால் நூற்றிருபது கிலோ சாளை.
ஐஸ் உருகித் தாரில் ஒழுகியது.

டெல்பின் மஞ்சள் துப்பாக்கி மாதிரி ஒன்றை எடுத்தாள்.
வயர் இல்லை. பேட்டரியில் இரண்டு கோடு வெளிச்சம்.
டர்ர்ர்ர்.
ஒன்று, இரண்டு. மூன்றாவது கொஞ்சம் முனகியது.
நாலு.

ஐந்தாவது அசையவில்லை.
குளச்சல் உப்புநீர் குடித்துக் குடித்து
போல்ட்டோடு ஒன்றாகியிருந்தது.

"எந்தப் பாவிப்பய இறுக்குனான் இதை?"

நான் வாய் திறக்கவில்லை.
வட்டிக்காரனிடம் ஏச்சு வாங்கி வந்த ராத்திரி
ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தது
இந்தக் கால்தான்.

அவள் சுவிட்சை மாற்றி
இறுக்குகிற பக்கமே ஒரு தட்டு தட்டினாள்.
பிறகு எதிர்ப்பக்கம்.
துரு உதிர்ந்தது.
நட்டு அவள் உள்ளங்கையில் விழுந்தது, சூடாக.

மாற்று டயரை மாட்டியதும்
கைஸ்பேனரை என்னிடம் நீட்டினாள்:
"கையால முறுக்கும்.
ஏறி மிதிக்கண்டாம்."