சிந்திய வகையில்

பதினெட்டு வருடமாக எனக்குக் கூலி
சிந்தாமல் இருப்பதற்கு.
களியக்காவிளைச் சாவடி தாண்டும் டெம்போக்களின் கதவு,
மீன்வண்டியின் நெற்றி,
பள்ளிக்கூட வேனின் மஞ்சள்,
எதிலும் ஒரு சொட்டு வழிந்ததில்லை.
வழிந்தது முதல் வருடம் மட்டும்.
முதலாளி தங்கையன் நோட்டில் எழுதினார்:
பெயின்ட் சிந்திய வகையில் பிடித்தம் ரூ. 60.
அன்றைக்கு அது மறக்கிற தொகை இல்லை.

ஷைனி பிறிசில்லா கொண்டுவந்தது
அரிசிச் சாக்கில் சுற்றிய எலக்ட்ரிக் கிதார்.
கழுத்து தனியே, உடம்பு தனியே.
பாறசாலை ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள்.
ராத்திரியில் நாலு பேர் சேர்ந்து
ரப்பர் ஷீட் குடோனில் வாசிப்பார்களாம்.
"இதுக்க மேல பெயின்ட்ட எறியணும் அண்ணே.
அடிக்கப்பிடாது, எறியணும்."

மூன்று நாள் தேய்த்தேன்.
குழிகளில் காகிதம் திணித்து
ஓரத்தில் டேப் ஒட்டி
கொக்கியில் தொங்கவிட்டு
கறுப்பு ஏற்றினேன், மூன்று கோட்.
முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி வந்தது.
என் வேலை அங்கேயே முடிந்துவிட்டது, உண்மையில்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து
அவள் அதே சேலையில் வந்தாள்.
பிரிட்ஜ் வந்த அட்டையைத் தரையில் விரித்து
நடுவில் கிதாரைக் கிடத்தினோம்.
முதலில் பழைய மலையாளப் பேப்பரில் எறிந்து பார்த்தேன்.
தங்கம் விலைக்கு மேலே
வெள்ளை நன்றாகவே தெறித்தது.
கிதாருக்கு வந்ததும் கை பழைய கையாகிவிட்டது.
ஒரு விரல் இடைவெளி, ஒரு புள்ளி.
ஒரு விரல் இடைவெளி, ஒரு புள்ளி.
"சுங்குடிச் சேலை மாதிரி இருக்கு,
எண்ணி எண்ணி இடுதிய" என்றாள்.

பிரஷைப் பிடுங்கி
ஸ்பேனர் மேல் ஒரே தட்டு.
வால் முளைத்து ஓடின வெள்ளையும் பச்சையும்,
ஒன்று அவள் சேலைக் கரையில்,
ஒன்று என் காதில்.

சிவப்பை மட்டும் கன்னில் ஊற்றி
ஓரத்தில் லேசாகப் புகைமாதிரி விடலாம் என்றேன்,
என் மானத்துக்கு ஒன்றாவது வேண்டாமா.
அப்போது கரன்ட் போனது.
கம்ப்ரசர் கடைசி மூச்சை இழுக்க
கன் துப்பிவிட்டது:
நட்டநடுவில் கட்டியாக ஒரு சிவப்பு,
சரிந்து, மெதுவாக வழிந்து.
தின்னர் துணி என் கையில் தானாக வந்திருந்தது.
"தொட்டா கொன்னுருவேன் அண்ணே!"
இருட்டு ஷெட்டில் அவள் சத்தத்துக்கு
எதிர் டீக்கடையில் இரண்டு பேர் எழுந்தார்கள்.

பிறகு இடவப்பாதி மழை.
ஈரக்காற்றில் கிளியர் அடித்தால்
பாலாடை மாதிரி வெளுத்துப்போகும்.
நாலு நாள் காத்திருந்து
இரண்டு இருநூறு வாட் பல்பு கட்டி அடித்தேன்.
வெளிச்சத்துக்கு ஈசல் வந்தது.
காது குடும்பி ஊக்கால் ஒவ்வொன்றாக எடுத்தேன்.
ஒரு இறகு மட்டும் உள்ளேயே இருக்கிறது,
பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில்.
அவளிடம் சொல்லவில்லை.

அந்த அட்டையில்
சுற்றிலும் நிறம்,
கிதார் கிடந்த இடம் மட்டும் வெறும் அட்டை.
ஒழுகுகிற ஒரு டெம்போவுக்கு அடியில்
யாரோ அதைத் தள்ளிவிட்டார்கள்.
வெற்றிடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

அவள் கொடுத்த பணத்தை
முதலாளி இரண்டு முறை எண்ணினார்.
நோட்டை விரித்தார்.
கதவு, பம்பர், போர்டு எழுத்து,
எந்தத் தலைப்பிலும் இது அடங்கவில்லை.
பேனாவை உதறி, யோசித்து எழுதினார்:
பெயின்ட் சிந்திய வகையில் வரவு ரூ. 2,400.
தலை தூக்காமலே கேட்டார்,
"இதுக்கு இன்னும் ஆளு வருமாலே?"