பத்தில் ஒன்பது

ஒரு சுருளுக்குப் பத்தே படம்.
ரெஜைனாவிலிருந்து யார்க்டன் வரை
பக்கத்து இருக்கையில் பெல்ட் மாட்டி உட்காரவைத்திருந்தேன்
இரண்டே முக்கால் கிலோ மாமியாவை.
வளைவில்லாத சாலைதான்.
இருந்தும் ஒரு கை அதன் மேலேயே கிடந்தது.

விதைக் கம்பெனிப் பத்திரிகையின் நடுப்பக்கத்துக்கு
ஓரெஸ்ட், மைரன். அண்ணன், தம்பி.
நாலாயிரம் ஏக்கர் கனோலா,
போன வசந்தத்தில் பாகம் பிரித்தாயிற்று.
தனித்தனியாக எடுங்கள் என்றது மின்னஞ்சல்.
ஒருவர் போன பிறகு மற்றவர் என்றது
அடுத்த மின்னஞ்சல்.

காலை பத்துக்கு அண்ணன்.
பிரிக்க வழியில்லாமல் பொதுவில் நின்ற
தகரக் குதிருக்கு எதிரே முக்காலியை ஊன்றினேன்.
இடுப்புயரக் கண்ணாடியில்
உலகம் இடம் வலம் மாறித்தான் தெரியும்.
அவர் அந்தப் பக்கம் நகர்ந்தால்
இந்தப் பக்கம் போவார்.
பதினெட்டு வருஷமாகியும்
என் கை முதலில் தப்பான பக்கந்தான் திரும்புகிறது.
தலை குனிந்து நிற்பவளைக்
கும்பிடுகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ,
தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

முதல் படம் முடிந்ததும்
"எங்கே, காட்டு" என்று பின்பக்கம் வந்தார்.
பின்பக்கம் வெறும் கறுப்புப் பெட்டி.
"வியாழக்கிழமை" என்றேன்.
பல் வைத்தியரிடம் வந்தவர்போல
மறுபடி போய் நின்றார்.

என்னிடம் இருப்பது பழைய மாடல். இரண்டு நெம்புகோல்.
ஒன்று ஷட்டரை இழுத்து வைக்கும்,
ஒன்று பிலிமை நகர்த்தும்.
ஒன்றை இன்னொன்று விசாரிக்காது.

மூன்று மணி வரைக்கும்
கேமராவுக்குப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துவிட்டு
காரில் ஹீட்டர் போட்டு உருளைக்கிழங்கு வறுவல் தின்றேன்.
தம்பியின் லாரி
அண்ணன் வண்டித் தடத்தை மிதிக்காமல்
வெகுதூரம் சுற்றி வந்து நின்றது.
இறங்கினார், தொப்பியோடு.
கையுறை போட்ட விரலால் நெம்புகோலை இழுத்தேன்.
ஒன்றை.

வியாழன் இரவு, குளியலறை.
ஈரம் சொட்டச் சொட்டச் சுருளை விளக்குக்குத் தூக்கினேன்.
ஐந்து வரை ஓரெஸ்ட்.
ஏழிலிருந்து மைரன்.
ஆறில்,
குதிரின் ஒவ்வோர் ஆணியும் அசையாத கூர்மை,
அதன் முன்னால் ஒரே கோட்டுக்குள் இரண்டு பேர்.
நாலு கை.
அண்ணன் வழுக்கையின் மேல் தம்பியின் தொப்பி.
ஒருவர் இமை மூடிய இடத்தில்
இன்னொருவர் கண் திறந்திருந்தது.
நிழல் மட்டும்
மேற்கே ஒன்று கிழக்கே ஒன்று,
அதுவும் பாதி கரைந்து.

தொழிலில் இதற்குத் தவறு என்று பெயர்.
சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டேன்,
உறையின் மேல்தான்.
அழுத்தியது பதினோரு தடவை.
பில்லில் எழுதியது:
சுருள் ஒன்று, படம் ஒன்பது.

பத்திரிகை வந்தது.
இடப்பக்கம் அவர், வலப்பக்கம் இவர்,
நடுவில் இரண்டு ஸ்டேப்பிள் கம்பி.

பிப்ரவரியில் மைரன் கூப்பிட்டார்.
பனியைப் பற்றிக் கொஞ்சம்,
கனோலா விலையைப் பற்றிக் கொஞ்சம்.
பிறகு மெல்ல,
"எல்லாவற்றிலும் அவன் மாதிரியே இருக்கிறேன்.
அவன் மாதிரி இல்லாமல்
ஒன்றுகூடவா கிடையாது?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
உறையை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.