தார்ச்சாலை மனிதன்

பூஜ்யம் என்றால் சோபாவில் மதியத் தூக்கம்.
நூறு என்றால் அந்தப் பிளம் தோட்டம்.
நடுவில் எங்கே நிற்கிறேன் என்று கேட்கிறாள்
டாக்டர் வெஸ்னா, கையில் கடித்த பென்சில்.

இருபத்திரண்டு வருடமாய் நான் தார்ச்சாலை மனிதன்.
தூஸ்லாவில் எந்தச் சந்தில் சிமெண்டைப் பிளந்து
புல் தலைநீட்டுகிறது என்பது
நகராட்சிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.
மகளின் ஓட்டப்பந்தயத்தை
வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.
வெயில் ஒத்துக்கொள்ளாது என்றேன்.
அன்று மேகமூட்டம்.

"நடந்ததாக வேண்டாம்,
இப்போது நடப்பதாகச் சொல்லுங்கள்."
எனெஸ் வேலியைத் தாண்டுகிறான்.
வாளி. மஞ்சள் வாளி.
நான் சாலையிலேயே
அதற்கு மேல் நாக்கு எழவில்லை.
தொண்ணூற்றைந்து, என்றேன்.
தண்ணீர் தரவில்லை, தோளைத் தட்டவில்லை.
"இன்னொரு முறை" என்றாள்.
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
அவளை மனதாரச் சபித்தேன்.

என் குரலின் பதிவை நானே தினமும் கேட்க வேண்டும்.
ஐம்பது வயதில் வீட்டுப்பாடம்.
சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
முதல் வாரம் வாந்தி,
அடுத்த வாரம் வெறும் அழுகை.
பதினேழாம் நாள்
வாளி என்று நான் சொல்லும் இடத்தில்
அவளுடைய நாற்காலி கிறீச்சிட்டது.
யாராவது அதற்கு எண்ணெய் விடக்கூடாதா
என்று நினைத்தேன்.
நினைத்த பிறகுதான் திடுக்கிட்டது.
தம்பி சாகப்போகிறான்,
எனக்கு நாற்காலிக் கவலை.

இது துரோகம் என்று போய்ச் சொன்னேன்.
அதற்கும் எண் கேட்டாள்.

பிறகு, எந்தப் பதிவிலும் இல்லாத ஒன்று
தானாக வந்தது:
தாண்டுவதற்கு முன் திரும்பிப் பார்த்து
என் தொப்பியைக் கிண்டல் செய்தான்.
இத்தனை வருடம் அந்தச் சிரிப்பின் மேல்
வெடிச்சத்தம் ஏறி உட்கார்ந்திருந்தது.

நேற்று பூங்கா.
கண்ணிவெடி என்றைக்குமே புதைக்கப்படாத,
வாரம் தவறாமல் வெட்டப்படும் புல்.
மூளைக்குத் தெரியும். குதிகாலுக்குத் தெரியாது.
ஒரு ஷூவைக் கழற்றினேன்.
இரண்டாவதற்குப் பத்து நிமிடம்.
எண்பது. எண்பத்தைந்து. எண்பத்தைந்து.
ஏதோ ஒரு நாய் வந்து
என் காலுறையைக் கவ்விக்கொண்டு ஓடியது.
துரத்தவில்லை,
அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.
நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.
விரலிடுக்கில் ஈரம்.
"இப்போது?"
குறைத்துச் சொல்லியிருக்கலாம், அவள் மகிழ்ந்திருப்பாள்.
நாற்பத்தைந்து.

ஒற்றைக் காலுறையோடு வீடு வந்தேன்,
தார்ச்சாலை வழியாகத்தான்.