லாட்ஜ் திருப்பத்து விளக்கு

ராமேஸ்வரம், ஐஸ் கம்பெனித் தெரு.
பதினேழு கம்பம். எரிவது பதினொன்று.
உப்புக்காற்று திருகாணியைத் தின்றுவிடும்,
மூன்று மாதத்துக்கு மேல் எந்த மூடியும் நிற்காது.
ஏணி, கையுறை, பதிவேடு. இதுதான் என் வேலை.

ஏப்ரல் இருபதில் மனு வந்தது.
நாற்பத்திரண்டு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
"இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் தெருவில்
நடத்தை சரியில்லாத பெண்கள் நிற்கிறார்கள்.
பிள்ளைகள் டியூஷன் முடிந்து வருகிற நேரம்.
பளிச்சென்று விளக்குப் போட்டுத் தரவும்."
ஆண்கள் நிற்பதாக மனுவில் இல்லை.
வண்டிகள் நிற்பதாகவும் இல்லை.
அந்தப் பெண்கள் மணலில் முளைத்து
தங்களுக்குள்ளேயே விலை பேசிக்கொள்வது போல
எழுதியிருந்தார் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் செகவீரபாண்டியன்.
முத்து முத்தான கையெழுத்து.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். டீ, மிக்சர்.
ஒருவர் போலீஸ் என்றார். ஒருவர் கேமரா என்றார்.
மருந்துக்கடை ஹபீபா மட்டும் கேட்டாள்:
"யாராவது அவங்ககிட்ட பேசினீங்களா?"
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்
நன்றாகக் கேட்டது.

அன்றிரவு பழைய பதிவேடுகளைப் புரட்டினேன்.
புகார் வந்த தேதி, பல்பு உடைந்த தேதி.
பாதிக்கு மேல் தடைக்காலத்தில்,
படகுகள் கட்டிக் கிடக்கிற அறுபத்தொரு நாளில்.
இறால் கம்பெனி மூடும்,
கருவாட்டுக் கொட்டகை காலியாகும்,
குழுக்கடன் தவணை மட்டும்
செவ்வாய்தோறும் வாசலில் வந்து நிற்கும்.
விசைப்படகுகள் அக்கரையில் பிடிபட்ட மாதமும் அப்படியே.
எழுதிக் காட்டினேன் பொறியாளரிடம்.
"விளக்குப் போடச் சொன்னாங்களா,
ஆராய்ச்சி பண்ணச் சொன்னாங்களா?"

வேலை தொடங்கிய மாலை
நான்காவது கையெழுத்துக்காரர்
ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.
ஸ்கூட்டரை அணைக்கவில்லை.
"லாட்ஜ் திருப்பத்துல மட்டும்
கொஞ்சம் தள்ளிப் போடேன் தம்பி.
கண்ணு கூசுது."
பெயர் வேண்டாம்.
அவர் வீட்டு வாசல் பல்பும் நான் மாட்டியதுதான்.

அவர் போன பிறகு அவள் வந்தாள்.
இறால் உரித்து நுனி வெளுத்த விரல்கள்.
ஏச வருகிறாள் என்று நினைத்தேன்.
"போடறதைத் திருப்பத்துக்கு நேராப் போடுங்கண்ணே.
இருட்டுல வண்டி நம்பர் தெரியல.
மாசி மாசம் செல்வராணிய ஏத்திட்டுப் போன வேன்
என்ன நம்பர்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க.
வெள்ளை வேன்னோம்.
இந்த ஊர்ல வெள்ளை வேன் எத்தனைன்னு
சிரிச்சாங்க."

அவளும் கேட்பது விளக்குத்தான்.
மனுவின் கடைசித் தாள் பாதி காலி.

ஏணியில் நிற்கையில் எனக்கு ஞாபகம் வந்தது வேறு.
ஐந்து வருஷம் முன்னால், இதே திருப்பத்தில்,
நான் வண்டியை மெதுவாக்கியது.
நிறுத்தவில்லை.
நிறுத்தவில்லை என்பதை ஒரு நற்சான்றிதழ் போல
இத்தனை நாள் மடித்து வைத்திருந்தேன்.

திருப்பத்துக்கு நேராகவே முடுக்கினேன்.
துருப்பிடிக்காத திருகாணி. சொந்தக் காசு.

பத்து நாள் எரிந்தது. பதினோராம் நாள் கல்.
மறுபடி மாட்டினேன். மறுபடி கல்.
"அவளுகதான் உடைக்கிறாளுக" என்றது சங்கம்.

மூன்றாம் முறை போனபோது கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
கண்ணாடிச் சில்லையெல்லாம் யாரோ கூட்டி
சாக்கடை ஓரமாய் ஒதுக்கியிருந்தார்கள்.
"டியூஷன் பிள்ளைக சைக்கிள் வருமே"
என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.
அவள் பெயரை நான் கேட்கவில்லை.
என் பெயரை அவள் கேட்டாள்.

விளக்கு எரிந்ததும் பார்த்தேன்:
கம்பத்தில், இடுப்புயரத்தில், கரிக்கட்டியால்
நான்கு வண்டி எண்கள்.
ஒன்று ஸ்கூட்டர்.

பதிவேட்டில் எழுதினேன்: சரிசெய்யப்பட்டது.
அந்த எண்களை அழிக்கச் சொல்லி
இதுவரை மனு எதுவும் வரவில்லை.