ஒரு திருகாணி தேவைப்பட்ட நேரம்

ஜெட்டியில் இறங்கும்போதே கண்ணாடி கையில்,
ஒரு காது கழன்று.
குருவிளா. கொச்சிக்குப் பக்கத்தில் வைப்பின்.
சரக்குக் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர்.
மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும்,
வேண்டியது ஒரேயொரு திருகாணி.

மத்திய வீதியில் நவ்ஃபர் கடை பாதி ஷட்டர்.
வெள்ளிக்கிழமை.
ஜும்மா முடிஞ்சு ஒன்றரைக்கு வருவார் என்றான்
ஜூஸ் கடைப் பொடியன்.
"அதுவரைக்கும் ஊரைக் காட்டு" என்றார் இவர்,
என்னைப் பார்த்தா, பக்கத்துக் கரண்ட் கம்பத்தைப் பார்த்தா,
நிச்சயமில்லை.

நாலாயிரம் சொல்லவந்த வாய்
இரண்டாயிரம் என்றது.
பாதிதானே தெரியப்போகுது.

கோட்டை வாசலில் நிறுத்தி
அவர் விரலைப் பிடித்துக் கல்லில் வைத்தேன்.
"இரண்டு மீன் இருக்கு ஐயா, பாண்டியன்ர மீன்.
கோயில் கல்லைப் பறங்கி பெயர்த்துக்
கோட்டைக்கு வைச்சதெண்டு சொல்லுவினம்.
பிறகு ஒல்லாந்தன். பிறகு வெள்ளைக்காரன். இப்ப ஆமி."
அவர் செதில் இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தார்.
"கொச்சியிலும் இதே வரிசைதான்.
பிரெஞ்சுக்காரனை விட்டிட்டியே?"

விட்டுத்தான் விட்டேன்.
கொஞ்ச நாள் நின்றவன்,
இரண்டாயிரத்துக்கு அவன் வேண்டாம்.

கோணேசர் மலையில் காற்று அவர் சட்டையை
ஊதிப் பெரிசாக்கியது.
"கடகடவெண்டு என்ன சத்தம்?"
"தொட்டில். பிள்ளை வேண்டி மரத்தில கட்டினது."
"எத்தனை?"
எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டேன்.
கீழே பாறையை அலை அறைந்தது.
தூரத்தில் ஒரு வள்ளம்.
அதைத் திமிங்கிலம் என்று சொன்னேன்,
ஏனென்று தெரியாது.
அவர் கும்பிட்டார்.
பொய்யை எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல்
வண்டியைத் திருப்பினேன்.

கண் மங்கினவருக்குக் காது நன்றாக வேலை செய்தது.
கருவாட்டுக் கடையை மூக்காலேயே கடந்தார்.
"சிட்டகாங் இதைவிட நாறும், கராச்சி இதைவிடக் கத்தும்.
கண்ணாடி இல்லாட்டி எல்லாத் துறைமுகமும்
ஒரே டீசல்."
பிறகு என் எஞ்சினுக்குக் காது கொடுத்து,
"பிளக் போகப்போகுது, மூன்றுக்கு ஒருதரம் தும்முது" என்றார்.

விறகுகாலைச் சந்தி தாண்டியதும் கேட்டார்:
"அங்க ஏன் வேகம் குறைச்சாய்?
ஹோர்ன் இல்லை, பிரேக் இல்லை, முன்னால ஒருத்தருமில்லை."

நான் குறைத்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

மண்மூட்டை அடுக்கியிருந்த இடம் அது.
பத்து வயதில் நான் சைக்கிள் பாரில்,
அப்பா இருபது அடி முன்னாலேயே இறங்கி
ஐ.சி.யைப் பல்லில் கவ்விக்கொண்டு உருட்டுவார்.
மூட்டைகள் போய்ப் பதினைந்து வருசம்.
என் கைக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"பழக்கம்" என்றேன்.
அவர் மேலே கேட்கவில்லை.
கொஞ்சத் தூரம் போய்,
"கராச்சியில ஒரு டாக்ஸிக்காரனும்
ஒரு பாலத்தடியில இப்படித்தான்" என்றார்.

நவ்ஃபர் வந்திருந்தார், தொப்பி கழற்றாமல்.
திருகாணி நீளம் கூட.
குறட்டால் நறுக்கிய துண்டு
எங்கோ தெறித்துப் போனது.
காசு வாங்கவில்லை, "இதுக்கென்ன" என்றார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு
முதலில் என்னைத்தான் பார்த்தார்.
"சின்னப் பொடியனா நீ!
குரலுக்கு அறுபது வயசு சொல்லலாம்."

இரண்டு பத்து. கோட்டைக்கு நேரமில்லை.
"மீனை ஒருக்காப் பார்த்திருக்கலாம்" என்றார்.
திமிங்கிலத்தைப் பற்றி
இருவருமே பேசவில்லை.

ஜெட்டிக்கு அதே வழிதான்.
சந்தி வந்தது. கை தானாகத் தளர்ந்தது.
அவர் வெளியே தலையை நீட்டி
நன்றாகவே பார்த்தார்:
ஒரு ரீலோட் கடை,
மதிலில் ஒட்டிய டியூஷன் நோட்டீஸை
உரித்துத் தின்னும் புள்ளிமான்,
நிழலில் இன்னொன்று.

"ஒன்றுமில்லையே?"

"ஓம் ஐயா. ஒண்டுமில்லை."

மூவாயிரம் தந்தார். மிச்சம் வாங்கவில்லை.
படியில் கால் வைத்தவர் திரும்பி,
"பிளக்கை மாத்து" என்றார்.