ஆறு தாங்குமா

பதினேழாம் எண்ணே,
யாகுத்ஸ்க்கில் இன்று மைனஸ் நாற்பத்தேழு.
உன் பெட்டிக்குள் பூஜ்யத்துக்கு மேலே இரண்டு.
வாலை மூக்கின் மேல் போர்த்திக்கொண்டு
நிமிடத்துக்கு ஐந்து துடிப்பில் கிடக்கிறாய்.
செத்ததற்கும் உனக்கும் நடுவே
என் நோட்டுப்புத்தகம் மட்டும்தான்.

உன் மூளைக்குள் ஒரு நொதி தூங்குவதில்லை.
கைனேஸ் என்போம்.
டௌ புரதத்தின் மேல் பாஸ்பேட்டை
ஒன்று, இன்னொன்று, மேலும் ஒன்று என்று
முடிந்துகொண்டே போகிறது,
புயலுக்கு முன் படகுகளைக் கட்டுகிறவன் மாதிரி.
நரம்புக் கிளைகள் சுருங்குகின்றன.
அவிழ்க்க வேண்டிய நொதியோ
குளிரில் விறைத்துக் கிடக்கிறது.
காயம் என்றுதான் முதல் வருஷம் எழுதினேன்.
வர்வாரா அதை அடித்துவிட்டு மேலே எழுதினாள்:
காவல்.

ஏனென்றால் தரையணில் நீ, விழித்துவிடுவாய்.
தோள்பட்டைக் கொழுப்பு பற்றிக்கொள்ளும்,
மீசையில் நடுக்கம் தொடங்கும்,
மூன்றாம் மணிக்குள் முடிச்செல்லாம் அவிழும்.
எந்த மூலையில் விதை புதைத்தாய்
என்பது உட்பட.

அட்டவணையில் உனக்கு நேரே
அந்த மூன்றாம் மணிதான் குறித்திருக்கிறது.
பதினாறாம் எண்ணைத் தூக்கத்திலேயே எடுத்தோம்.
சீவல் சீவலாகக் கண்ணாடியில் இருக்கிறது,
முடிச்சுகளோடு.

லேனா ஆற்றுப் பனிமேல்
இருபத்திரண்டு குளிர்காலம் லாரி ஓட்டியவன் நியுர்குன்.
அவன் தலைக்குள்ளும் அதே நொதி, அதே புரதம்.
எந்தக் குளிருக்கு அஞ்சிக் கட்டியதோ,
அவிழ்க்கத்தான் கை வரவில்லை.
காலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு கேட்கிறான்,
'ஆறு தாங்குமா இன்னிக்கு?'
சாவி மாவு டப்பாவுக்குள் இருக்கிறது,
மூன்று வருஷமாக.

நாலே முக்காலுக்கு நடுங்கத் தொடங்கினாய்.
ஏழே முக்காலுக்கு
வர்வாரா கையுறையோடு வந்து நின்றாள்.
சூரியகாந்தி விதை ஒன்றை
இரு கையாலும் பிடித்தபடி
தோலை ஒரு பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தாய்.
'தின்னட்டும்,' என்றேன்.
அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பேசவில்லை.
விதை தீர்ந்தது.
பிறகு எழுதினேன்: மூன்று மணி, பதினோரு நிமிடம்.
இந்த மேசையில் எனக்குப் பொய் எழுத வராது.

வீட்டில்தான்.
கதவருகே பூட்ஸோடு நிற்கிறான்.
'தாங்கும்,' என்கிறேன்.
'நாளைக்குப் புறப்படு.'